பழைய இலையும் நல்ல சுருட்டும்: விண்டேஜ் புகையிலைச் சுருட்டு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ சுருட்டு பிடிப்பவன் நான். எண்ணிக்கை குறைவு என்பதால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். அந்தத் தேடலில் கற்றுக்கொண்டதை நண்பர்கள் கேட்கக் கேட்கச் சொல்லி வந்தேன். கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். 18 வயது நிரம்பாதவர்களுக்கான பக்கம் இது அல்ல. இதுவரை புகைக்காதவர்களைப் புகைக்கத் தூண்டுவதும் என் எண்ணம் அல்ல.

‘விண்டேஜ்’ புகையிலை என்றால் சரியாக என்ன?

ஒரே ஆண்டு அறுவடையில் வந்த இலையைப் பிற ஆண்டு இலைகளோடு கலக்காமல் தனியாகக் கட்டி, கிடங்கில் பல ஆண்டுகள் வைத்திருந்து, அதன் பிறகு சுருட்டுவது. நல்ல கைச்சுருட்டுக்குப் போகும் எந்த இலையும் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளாவது கிடங்கில் கிடந்த பிறகுதான் சுருட்டுபவரின் பலகைக்கு வரும். விண்டேஜ் என்று பெயர் வாங்கும் இலை ஐந்து, ஏழு, சில சமயம் பத்து ஆண்டுகளுக்கு மேலும் காத்திருந்திருக்கும்.

சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் மேலிலை, அதற்குள் இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, நடுவே நிரப்பிய உள்ளிலை. ஆங்கிலப் பழக்கத்தில் ராப்பர், பைண்டர், ஃபில்லர் என்பார்கள். விண்டேஜ் என்று விற்கப்படும் சுருட்டுகள் பலவற்றில் மேலிலை மட்டுமே அந்த ஆண்டைச் சேர்ந்தது. அது ஏமாற்று அல்ல. மேலிலை சுவையில் பெரும்பங்கு வகிப்பது. ஆனாலும் வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சுருட்டின் காகித வளையத்தில் போட்டிருக்கும் ஆண்டு விளைச்சல் ஆண்டுதானே?

இல்லை. மிக அதிகமானோர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நிகராகுவாவில் தயாராகும் பத்ரோன் சுருட்டுகளில் ‘1964’ என்று ஒரு வரிசை உண்டு, ‘1926’ என்று இன்னொன்று. அறுபது ஆண்டுப் பழைய இலை என்று நினைத்து வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1964 அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டு. முப்பதாம் ஆண்டு நிறைவுக்காக 1994இல் அந்த வரிசை வந்தது. 1926 நிறுவனர் ஹோசே ஓர்லாண்டோ பத்ரோன் பிறந்த ஆண்டு. இலையின் வயது வேறு கணக்கு: 1964 வரிசையில் குறைந்தது நான்கு ஆண்டுகள், 1926 வரிசையில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பதப்பட்ட இலை.

ராக்கி படேல் நிறுவனத்தின் ‘விண்டேஜ் 1990’, ‘விண்டேஜ் 1992’ ஆகியவற்றில் உள்ள ஆண்டு வேறு வகை. அது மேலிலை அறுவடையான ஆண்டைக் குறிப்பது. முன்னதில் ஹோண்டுராஸ் இலை, பின்னதில் சுமாத்ரா விதையிலிருந்து ஈக்வடாரில் விளைந்த இலை. உள்ளிலையும் கட்டிலையும் அந்த ஆண்டின் கணக்கில் வராது.

மூன்றாவது வகை கியூபாவின் ‘கிரான் ரிசர்வா’. இதில் மூன்று அடுக்கு இலைகளும் ஒரே அறுவடையிலிருந்து எடுத்து, குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருந்த பிறகே சுருட்டப்படுகின்றன. ‘ரிசர்வா’ என்றால் மூன்று ஆண்டுகள். பெட்டியில் ‘கொசேச்சா’ என்ற சொல்லோடு அறுவடை ஆண்டு இருக்கும். 2003 அறுவடையில் செய்த கோஹிபா சிக்லோ 6 கிரான் ரிசர்வா 2009இல் வெளிவந்தது; மொத்தமே 5,000 பெட்டிகள், பெட்டிக்குப் 15 சுருட்டு. விண்டேஜ் என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவது என்றால் இந்த முறையைத்தான் சொல்வேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒயின் புட்டியில் ஆண்டைப் போட வேண்டுமானால் குறைந்தது 85 விழுக்காடு திராட்சை அந்த ஆண்டு விளைந்ததாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சுருட்டுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. வளையத்தில் இருப்பது தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்கு மட்டுமே. வாக்கு யாருடையது என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இலை பழையதானால் ஏன் நன்றாக இருக்கிறது?

புது அரிசியில் சோறு வடித்தால் குழைந்து ஒட்டிக்கொள்ளும். அதே நெல் ஓராண்டு பத்தாயத்தில் கிடந்தால் பருக்கை பருக்கையாக உதிரும். பழைய அரிசி இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்கிய தலைமுறைக்கு இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்படாது. புகையிலையிலும் அப்படி ஒன்றுதான் நடக்கிறது, ஆனால் படிகள் அதிகம்.

பறித்த பச்சை இலையைக் கழிகளில் கோத்துக் காற்றோட்டமான கொட்டகையில் தொங்கவிடுவார்கள். இதுதான் பாடம் போடுதல். ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மாதத்தில் பச்சை போய் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். அப்போதும் அதைப் பிடிக்க முடியாது, தொண்டை அறுந்துவிடும்.

அடுத்தது புழுக்கம். ஈரம் தெளித்த இலைகளை ஆள் உயரத்துக்கு அம்பாரமாக அடுக்குகிறார்கள். ஈர வைக்கோற்போருக்குள் கையை விட்டுப் பார்த்திருந்தால் அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று தெரியும். அம்பாரத்தின் நடுவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸை நெருங்கும். தாண்டவிட்டால் இலை கருகி உயிரற்றுப் போகும்; தாண்டும் முன்பே பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளிலுமாக மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். இப்படிப் பல மாதங்கள். அந்த நாட்களில் இலையிலிருந்து அம்மோனியா வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். புழுக்கக் கூடத்தில் கண் எரிவதும் மூக்கைப் பிடிக்கத் தோன்றுவதும் அதனால்தான். நிக்கோட்டினின் ஒரு பகுதியும் கரைந்து போகிறது. கருத்த மேலிலை கொண்ட மதுரோ வகைக்கு வெப்பமும் கூடுதல், காலமும் கூடுதல்.

அதன் பிறகுதான் கிடங்கு. சாக்குப் பொதிகளாகவோ, கியூபாவில் மேலிலை என்றால் அரசப் பனையின் மட்டையில் பொதிந்தோ, இருட்டில் வைக்கிறார்கள். இங்கே வேகம் இல்லை, சூடு இல்லை. மீதமிருந்த அம்மோனியா மெல்ல விலகுகிறது. இலையின் எண்ணெய்கள் பரவிச் சமப்படுகின்றன. நாக்கில் குத்திக்கொண்டிருந்த காரம் மழுங்குகிறது. புழுக்கத்தால் ஒரே ஆண்டில் முடிக்க முடியாத வேலையைக் காலம் முடித்து வைக்கிறது. இந்தக் காலத்தை எந்த இயந்திரத்தாலும் சுருக்க முடியவில்லை.

அப்படியானால் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லதா?

இல்லை. காலம் கடுமையை எடுக்கும்போது காரத்தையும் மணத்தையும் சேர்த்தேதான் எடுக்கிறது. எடுத்த பிறகும் மிச்சம் இருக்கும் அளவுக்கு இலையில் சத்து இருக்க வேண்டும்.

செடியின் உச்சியில் வெயிலை நேராக வாங்கும் நுனியிலையை லிகெரோ என்கிறார்கள். தடிப்பும் எண்ணெயும் காரமும் அதில்தான் அதிகம். நடுப்பகுதி இலை மணத்துக்கு, அது சேக்கோ. அடியிலை நன்றாக எரிவதற்கு; அது வொலாதோ. நுனியிலை பத்து ஆண்டுகளையும் தாங்கும். மெலிந்த அடியிலையை அவ்வளவு காலம் வைத்தால் கடைசியில் எரியும் காகிதம்தான் மிஞ்சும். ‘பதினைந்து ஆண்டு இலை’ என்ற பெருமையோடு வந்த சுருட்டில் புகை மட்டுமே இருந்து சுவை எதுவும் இல்லாமல் போனதை அனுபவித்திருக்கிறேன். நான்கு ஆண்டுப் பதமான நல்ல லிகெரோ அதைவிட எவ்வளவோ மேல்.

ஆண்டுக்கு ஆண்டு விளைச்சலும் வேறு. 1979-80இல் நீலப்பூஞ்சை நோய் கியூபாவின் புகையிலைப் பயிரில் பெரும்பகுதியை அழித்தது. 2022 செப்டம்பரில் இயான் புயல் அங்கே பினார் தெல் ரியோ மாகாணத்தில் ஆயிரக்கணக்கான பாடக் கொட்டகைகளைச் சாய்த்தது. நல்ல ஆண்டின் இலையைக் கிடங்கில் சேர்த்து வைத்திருப்பவர்தான் இப்படிப்பட்ட ஆண்டுகளிலும் தரம் குன்றாமல் சுருட்டுவார்.

பழைய இலையில் செய்த சுருட்டும், செய்து பல ஆண்டு வைத்த சுருட்டும் ஒன்றா?

வேறு வேறு. பொதியில் இருக்கும் இலை பெருங்கூட்டமாக இருந்து பதப்படுகிறது. இன்னும் கொஞ்சம் புழுங்கவும் செய்கிறது. சுருட்டிய பிறகு பெட்டியில் நடப்பது வேறொரு வேலை: வெவ்வேறு ஊர் இலைகள் ஒன்றின் மணத்தை ஒன்று வாங்கிக்கொண்டு இணைகின்றன. அதனால்தான் சுருட்டி முடித்ததும் உடனே விற்காமல், ஸ்பானிஷ் சீடர் என்னும் மணமுள்ள மரப்பலகை அடித்த அறையில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வைக்கிறார்கள்.

என் அனுபவத்தில், பழைய இலையில் செய்த சுருட்டை வாங்கி மேலும் பல ஆண்டுகள் வைத்திருப்பதில் பெரிய பயன் இல்லை. அது ஏற்கெனவே தன் காலத்தைக் கழித்துவிட்டு வந்தது. ஓராண்டு, இரண்டாண்டுக்குள் பிடித்துவிடுவதே நல்லது. இளம் இலையில் செய்த காரமான சுருட்டுக்குத்தான் பெட்டியில் காத்திருப்பது உதவும்.

நல்ல பழைய இலை இருந்தால் போதுமா?

போதாது. நல்ல கை வேண்டும்.

ஒருமுறை இரண்டு சுருட்டு கிடைத்தபோது ஒன்றைப் பிடிக்காமல் பிளேடால் நெடுக்கக் கீறிப் பிரித்துப் பார்த்தேன். மேலிலை பூனைக்காது போல மெல்லியது. நரம்பு இருக்கும் இடம் தெரியவில்லை. பிரித்த விரல்களில் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்தபோது இலை முழுக்க ஒரே காப்பி நிறம், ஓட்டை ஒடிசல் எதுவும் இல்லை. அடுத்து வந்த கட்டிலை முரடு. அழகுக்காகச் செய்யப்படாதது, பிடிமானத்துக்காகச் செய்யப்பட்டது. உள்ளே தலை (வாயில் வைக்கும் முனை) முதல் கால் (பற்றவைக்கும் முனை) வரை நீளமாக ஓடிய அரையிலைகள். ஒவ்வொன்றும் புடவைக் கொசுவம் போல மடிந்து, மடிப்புக்கு மடிப்பு காற்றுப் போக இடம் விட்டிருந்தது. நட்ட நடுவில் கருமையான லிகெரோ. அது மெதுவாக எரியும் இலை. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் நின்றுவிடும், ஆகவே நடுவில்தான் அதற்கு இடம். வெட்டுத் துண்டு ஒன்றுகூட அதில் இல்லை. இவ்வளவையும் செய்தது ஒரு ஜோடிக் கை, ஒரு பலகை, சவேத்தா என்னும் பிறைக்கத்தி, தலைப்பகுதியை ஒட்டக் கொஞ்சம் தாவரப் பசை.

நிகராகுவாவின் பல ஆலைகளில் இருவர் சேர்ந்து வேலை செய்கிறார்கள்: ஒருவர் உள்ளிலையைக் கட்டிலையில் பொதிவார், மற்றவர் மேலிலை சுற்றுவார். கியூபாவில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருவரே. எந்த முறையானாலும் உள்ளிலையை ஒரு பிடி கூடுதலாக அழுத்திவிட்டால் புகை வராது. குறைத்துவிட்டால் காற்றும் சூடும்தான் வரும். பத்து ஆண்டு காத்த இலையை ஒரு நிமிடக் கவனக்குறைவு வீணாக்கிவிடும். பல ஆலைகளில் மேலிலை சுற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் காற்று சரியாக ஓடுகிறதா என்று கருவியில் வைத்துச் சோதிப்பது அதனால்தான்.

எந்த ஊர் இலை சிறந்தது?

ஒரே விடை கிடையாது. கியூபாவின் பினார் தெல் ரியோவில் உள்ள வுவெல்தா அபாஹோ வட்டாரம் பழம்பெரும் பெயர். டொமினிக்கன் குடியரசின் சிபாவோ சமவெளி இலை பொதுவாகச் சாந்தமானது. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றங்கரையில் துணிப்பந்தலுக்குக் கீழே வெளிர் நிற மேலிலை விளைகிறது; ஈக்வடாரில் அந்தப் பந்தல் வேலையை மேகமூட்டமே செய்துவிடுகிறது.

எனக்கு நெருக்கமானது நிகராகுவா. ஒரே சிறிய நாட்டுக்குள் எஸ்தெலியின் கரிசல் மண் காரத்தைத் தருகிறது, ஹலாப்பாவின் மண் இனிப்பையும் மணத்தையும் தருகிறது, கொண்டேகா இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மூன்றையும் சரியான அளவில் சேர்த்துச் சில ஆண்டுகள் காக்கத் தெரிந்தவர்களுக்கு வேறு நாட்டு இலை தேவைப்படுவதில்லை.

இவ்வளவு விலை ஏன்?

இந்தியாவில் வாங்கும்போது வரிதான் பெரிய காரணம். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நீங்கள் விலை கொடுப்பது காத்திருப்புக்கு. இன்று பறித்த இலைக்கு உழவருக்கும் கூலியாட்களுக்கும் இன்றே பணம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் திரும்பி வர ஐந்து, பத்து ஆண்டுகள். இடையில் பொதி எடை குறையும், வண்டு விழும், பூஞ்சை வரும். அத்தனையும் கடந்து வந்த இலையிலும் மேலிலைக்குத் தேறுவது சிறு பங்கு.

காத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990களே சாட்சி. அமெரிக்காவில் திடீரென்று சுருட்டு மோகம் கிளம்பியது. 1992இல் சுமார் 10 கோடியாக இருந்த உயர்தரச் சுருட்டு இறக்குமதி 1997இல் 40 கோடியைத் தாண்டியது. கிடங்குகள் காலியாயின. புழுக்கமே முடியாத பச்சை வாடை இலையைப் புதிதாகப் பழகிய கைகள் அவசர அவசரமாகச் சுருட்டின. அழகான பெட்டி, பளபளக்கும் வளையம், உள்ளே அம்மோனியா. சில ஆண்டுகளில் மோகம் சரிந்து, அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை மறைந்துபோயின. அந்த ஆண்டுகளில் அவசரப்படாமல், கையில் இருந்த பழைய இலைக்கு ஏற்ற எண்ணிக்கையை மட்டும் சுருட்டியவர்களை இன்றைக்கும் நான் மதிக்கிறேன்.

ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால்?

பத்ரோன் 1964, மதுரோ. விலையைத் தாங்க முடிந்தவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

கியூபாவை விட்டு வெளியேறி மியாமி வந்த ஹோசே பத்ரோனுக்கு நண்பர் ஒருவர் சிறிய சுத்தியல் ஒன்றைக் கொடுத்தார். தச்சு வேலை செய்து 600 டாலர் சேர்த்து, 1964இல் ஒரே ஒரு சுருட்டுபவரை வைத்துத் தொழிலைத் தொடங்கினார். அந்தச் சுத்தியல்தான் இன்றும் அந்தக் குடும்பத்தின் அடையாளம். பிறகு நிகராகுவா இலையைத் தேடி எஸ்தெலிக்குப் போனார். 1978இல் உள்நாட்டுக் கலவரத்தில் ஆலை எரிந்தது. 1985இல் அமெரிக்கா நிகராகுவா மீது தடை விதித்தது. அத்தனைக்கும் நடுவே இலையைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை விடவில்லை. 2017இல் 91ஆவது வயதில் மறைந்தார்.

அந்தச் சுருட்டைப் பற்றவைத்த முதல் சில இழுப்புகளில் மிளகுக் காரம் மூக்கில் ஏறும். ஐந்து நிமிடத்தில் அது அடங்கி, வறுத்த காப்பிக்கொட்டையும் கசப்பு சாக்லேட்டும் கலந்த வாசம் எழும். பாதிக்கு மேல் ஒருவித இனிப்பு வரும். வெல்லப்பாகு அடிப்பிடிக்கும் முன்பு ஒரு கணம் வருமே, அந்த மணம். சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நிற்கும். கடைசி வரை தொண்டையில் எதுவும் உறுத்தாது. நான்கு ஆண்டுப் பதம் என்ன செய்திருக்கிறது என்பதை அந்த உறுத்தாமையில்தான் உணர்கிறேன்.

சதுரமாக அழுத்திய வடிவமும், எண் அச்சிட்ட இரண்டாவது வளையமும் இதன் அடையாளம். எண் இல்லாததை வாங்காதீர்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் கடையைப் பாருங்கள். ஈரப்பதம் காட்டும் கருவி அலமாரிக்குள் இருக்கிறதா, அது 65க்கும் 70 விழுக்காட்டுக்கும் இடையில் நிற்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன்பு வெளிநாட்டு விமான நிலையக் கடையொன்றில், வளையத்தில் பெரிதாக ஆண்டு போட்ட சுருட்டு ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் பல மாதம் கிடந்திருக்கும் போல. பற்றவைத்த மூன்றாம் நிமிடம் மேலிலை நீளவாக்கில் வெடித்தது. நடுவில் எரிந்து சுரங்கம் போல உள்ளே போனது. இலையின் மேல் பிழை இல்லை. பத்தாண்டு கவனித்து வளர்த்ததைக் கடைசி ஆறு மாதத்தில் காயவிட்டுவிட்டார்கள். அந்த இழப்பு இன்றும் எனக்கு வருத்தம்தான், பணத்துக்காக அல்ல.

அதனால் இப்போது கையில் எடுத்து, அடி முதல் தலை வரை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்காமல் வாங்குவதில்லை. சமமாக, லேசாக அமுங்கி மீள வேண்டும். சரசரவென்று ஒலித்தால் காய்ந்தது. ஓரிடத்தில் கல் போலவும் ஓரிடத்தில் பஞ்சு போலவும் இருந்தால் சுருட்டியதிலேயே கோளாறு. கால் முனையை முகர்ந்தால் நல்ல இலையில் தொழுவமும் காய்ந்த வைக்கோலும் கோகோவும் கலந்த வாடை இருக்கும். அம்மோனியா மூக்கைத் தாக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊசிமுனை அளவு வட்ட ஓட்டை தெரிந்தால் அது வண்டு. அந்தப் பெட்டியையே தொடாதீர்கள்.

கருத்த மேலிலை என்றால் காரம் அதிகமா?

இல்லை. கருமை பெரும்பாலும் நீண்ட புழுக்கத்தால் வருவது. அது இனிப்பைத்தான் கூட்டும். காரத்தை முடிவு செய்வது உள்ளே இருக்கும் நுனியிலை.

எப்படி வெட்டிப் பற்றவைப்பது?

தலைத் தொப்பியில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும், கூரான கத்தியால் ஒரே வெட்டு. அதற்குமேல் போனால் மேலிலை பிரிந்துவிடும். மண்ணெண்ணெய் வாடை வரும் லைட்டர் வேண்டாம். கேஸ் லைட்டர் அல்லது நீண்ட தீக்குச்சி போதும். சுடரில் நேராகத் திணிக்காமல், சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுழற்றி, கால் முழுதும் சமமாகக் கனன்ற பிறகு இழுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அவசரமாக இழுத்தால் இலை சூடேறிக் கசக்கும். பழைய இலையின் நுட்பமான மணம் முதலில் போய்விடும். புகையை உள்ளே இழுக்கக் கூடாது, வாயோடு நிறுத்தி விட வேண்டும்.

சென்னை வெயிலில் எப்படிப் பாதுகாப்பது?

ஈரப்பதத்தை விட வெப்பம்தான் நமக்கு எதிரி. புகையிலை வண்டின் முட்டைகள் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். 24, 25 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் பொரிக்கும். நம் ஊரில் அது ஆண்டின் பெரும்பாலான நாட்கள். காற்றுப் புகாத நல்ல பிளாஸ்டிக் டப்பாவில் 65 விழுக்காடு ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த அலமாரியில் வைப்பது, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் மரப்பெட்டியைவிட நம்பகமானது. நிறையச் சேர்ப்பவர்கள் ஒயின் குளிர்பெட்டியில் 18 டிகிரி வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில் அப்படியே வைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சிவிடும், சாம்பார் வாடையும் ஏறிவிடும்.

மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பெரும்பாலும் அது பூஞ்சைதான். வயதின் பூச்சு என்று யாராவது சொன்னாலும் நான் நம்புவதில்லை.

நம் திருச்சிச் சுருட்டோடு இதை ஒப்பிடலாமா?

சுருட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்து வரை பெயர் பெற்றிருந்தது; 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே சாம்பலை வைத்து அதை அடையாளம் காணும் இடம் இருக்கிறது. இரு முனையும் வெட்டப்பட்ட, அன்றாட உழைப்புக்கு நடுவே பிடிக்கும் சுருட்டு அது. விலையிலும் நோக்கத்திலும் வேறு மரபு. ஒன்றை மற்றதன் அளவுகோலால் அளப்பது இரண்டுக்கும் நியாயம் அல்ல. ஆனால் உறையூரில் பலகைக்கு முன் உட்கார்ந்து இலை நீவிய கையும் எஸ்தெலியில் நீவும் கையும் செய்வது ஒரே தொழில்.

உடலுக்குத் தீங்கு குறைவுதானே, உள்ளிழுப்பதில்லையே?

தீங்கு உண்டு. இதில் சுற்றி வளைத்துப் பேச நான் விரும்பவில்லை. சுருட்டுப் புகை காரத்தன்மை (அமிலத்தன்மைக்கு எதிரானது, சுவைக் காரம் அல்ல) கொண்டது. அதனால் உள்ளிழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கு இது காரணமாகிறது. பழைய இலை, உயர்ந்த இலை என்பதால் இந்த உண்மை மாறாது. பழக்கம் இல்லாதவர்கள் தொடங்க வேண்டாம். பிடிப்பவர்கள் எண்ணிக்கையைக் குறையுங்கள். வீட்டுக்குள், குழந்தைகள் அருகில் ஒருபோதும் வேண்டாம்.

பாதியில் அணைந்துவிட்டால்? எங்கே நிறுத்துவது?

அணைந்த ஒரு மணி நேரத்துக்குள் சாம்பலைத் தட்டிவிட்டு, உள்ளே தங்கிய பழைய புகையை ஒருமுறை வெளியே ஊதித் தள்ளிவிட்டுப் பற்றவைக்கலாம். மறுநாளுக்கு வைக்காதீர்கள், இரவோடு இரவாகக் கரிவாடை இலை முழுக்க ஏறிவிடும்.

நிறுத்துவதற்கு அளவுகோல் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகு விரலில் சூடு தெரியத் தொடங்கும், நாவில் கசப்பு தட்டும். அந்தக் கசப்பு தெரிந்த இழுப்போடு கீழே வைத்துவிடுகிறேன். சிகரெட் போல நசுக்க வேண்டியதில்லை. சாம்பல் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்தால் சில நிமிடத்தில் தானே அணைந்துவிடும்.